தாவீதின் நகரம், எருசலேம்: பெனாயாவும் சாதோக்கும் இறங்கிப் போன சரிவு பார்க்கத் தகுந்ததா?

எருசலேம் பயணத்தில் அரை நாள் கைவசம் இருந்தால் அதைக் குப்பைமேட்டு வாசலுக்கு வெளியே செலவிடுங்கள். மேற்குச் சுவரிலிருந்து பத்து நிமிட நடைக்குள், தெற்கே சரியும் ஒரு குறுகலான மலைமுதுகில் 'தாவீதின் நகரம்' என்ற தொல்லியல் பூங்கா இருக்கிறது. சீட்டு வாங்கி உள்ளே போகும் இடம். பெத்லகேம், கெத்செமனே, கல்லறைத் தோட்டம் என்று ஓடும் குழுக்கள் நேரம் போதவில்லை என்று முதலில் வெட்டிவிடுகிற இடமும் இதுதான். வெட்டக் கூடாது. இராஜாக்களின் முதல் புத்தகத்தின் முதல் அதிகாரத்தை நிலத்தோடு பொருத்திப் பார்க்க வேறு இடம் கிடையாது.

அந்த அதிகாரத்தைக் கட்டாயம் வாசித்துவிட்டு வாருங்கள். தாவீது படுக்கையில் இருக்கிறார், எத்தனை வஸ்திரம் போர்த்தினாலும் அனல் இல்லை. மகன் அதோனியா ரதங்களும் குதிரைவீரரும் முன்னே ஓட ஐம்பது பேருமாகக் கிளம்பி, இன்ரோகேல் ஊற்றுப் பக்கத்தில் சோகெலெத் கல்லருகே ஆடுமாடு அடித்து விருந்து வைக்கிறான். சேனாபதி யோவாப் அவன் பக்கம். ஆசாரியன் அபியத்தாரும் அவன் பக்கம். அழைப்பு வராதவர்களின் பெயர்களைத்தான் கவனிக்க வேண்டும்: ஆசாரியன் சாதோக், தீர்க்கதரிசி நாத்தான், மெய்க்காவல் தலைவன் பெனாயா, தாவீதின் பராக்கிரமசாலிகள். ராஜா உயிரோடிருக்கும்போதே இன்னொரு ராஜாவுக்கு விருந்து நடக்கிறது. எஞ்சியிருக்கும் விசுவாசம் எல்லாம் இந்தச் சில பேரிடம் இருக்கிறது. அடுத்த சில மணி நேரத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை இந்தச் சரிவில் காலால் அளந்து பார்க்கலாம்.

நுழைந்ததும் முதலில் மேலே ஏறிப் பார்வை மேடைக்குப் போங்கள். பலர் சுரங்கத்துக்கு வரிசை பிடிக்கும் அவசரத்தில் இதைத் தாண்டிவிடுகிறார்கள், பிறகு கீழே போய் எது எந்தப் பக்கம் என்று தெரியாமல் தடுமாறுகிறார்கள். மேடையில் நின்றால் கிழக்கே கெதரோன் பள்ளத்தாக்கு, அதற்கப்பால் ஒலிவமலை, வடக்கே ஆலய மேடு. நின்றிருக்கும் மலைமுதுகு இந்த இரண்டையும் விடத் தாழ்ந்தது என்பது கண்ணாலேயே தெரியும். தாவீதின் காலத்து ஊர் இந்த முதுகில் அடங்கியது, சுமார் 12 ஏக்கர். ஒரு நடுத்தரக் கிராமத்தின் அளவு. ஏன் உயரமான மலையை விட்டு இங்கே குடியேறினார்கள்? அடிவாரத்தில் கீகோன் ஊற்று இருக்கிறது, அதனால்தான். தண்ணீர் கீழே, அரண்மனை மேலே, நடுவில் செங்குத்தான சரிவு. முழு வரலாறும் இந்த ஒரு ஏற்ற இறக்கத்தில் நடக்கிறது.

எதிர்ச் சரிவில் சில்வான் என்ற குடியிருப்பின் வீடுகள் ஒன்றன் தலைமேல் ஒன்றாக அடுக்கிய மாதிரி நிற்கும். ஒரு வீட்டின் மொட்டைமாடி மேல்வீட்டு வாசலுக்கு நேராக இருக்கும். தாவீது உலாவிய உப்பரிகையிலிருந்து பத்சேபாள் குளிப்பது எப்படித் தெரிந்தது என்று கேட்பவர்களுக்கு இந்தக் காட்சியே விடை. அவள் கணவன் உரியா யாரோ ஒருவன் அல்ல. இரண்டாம் சாமுவேல் 23இல் முப்பத்தேழு பராக்கிரமசாலிகளின் பட்டியல் அவன் பெயரோடுதான் முடிகிறது. விசுவாசமான ஒரு சேவகனுக்கு ராஜா செய்த துரோகத்தை ராஜாவின் முகத்துக்கு நேரே சொன்னவர் நாத்தான். "நீயே அந்த மனுஷன்" என்றார். அதே நாத்தான்தான் பல வருஷம் கழித்து, சாலொமோனே அடுத்த ராஜா என்று அந்த ராஜா இட்ட ஆணை காக்கப்பட வேண்டும் என்று, சாலொமோனின் தாயான பத்சேபாளை முதலில் உள்ளே அனுப்பி, பின்னாலேயே தானும் போய் அவள் சொன்னதை உறுதிசெய்கிறார். முகஸ்துதி செய்யாதவன் சொல்லுக்கு எடை உண்டு. தாவீது உடனே நம்பியதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க முடியும்.

மேடையிலிருந்து இறங்கினால் இரும்பு நடைபாதைக்குக் கீழே பெரிய கல்சுவர்கள். 2005இல் தொல்லியலாளர் எய்லாத் மசார் தோண்டியெடுத்தது. இதுவே தாவீதின் அரண்மனை என்பது அவருடைய முடிவு. இஸ்ரேல் ஃபிங்கெல்ஸ்டைன் உள்ளிட்ட பலர் இதை ஒப்பவில்லை. சுவர்கள் எல்லாம் ஒரே காலத்தவையா, ஒரே கட்டடமா என்பதே அவர்களின் கேள்வி. வழிகாட்டி 'அரண்மனை' என்று உறுதியாகச் சொன்னால், அது ஒரு தரப்பு என்று குழுவுக்கு எடுத்துச் சொல்லுங்கள். பக்கத்திலுள்ள படிக்கட்டு வடிவக் கல் அமைப்பு பற்றி அவ்வளவு தயக்கம் வேண்டாம். சுமார் 18 மீட்டர் உயரத்துக்குச் சரிவைத் தாங்கிப் பிடித்த அந்தக் கட்டுமானம், மேலே ஏதோ முக்கியமான கட்டடம் இருந்ததைக் காட்டுகிறது.

அதே பகுதியில் கொஞ்சம் நில்லுங்கள். 1982இல், யிகால் ஷிலோவின் அகழாய்வில், எரிந்து விழுந்த ஒரு வீட்டுக்குள் 51 களிமண் முத்திரைகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் விரல்நகம் அளவு. சுருட்டிக் கட்டிய ஓலைக்கு நாம் அரக்கு வைப்பது போல, பாப்பிரஸ் சுருளைக் கட்டிய நூலின் மேல் ஈரக் களிமண் வைத்துப் பெயர் பதித்திருக்கிறார்கள். பாபிலோனியர் ஊரைக் கொளுத்தியபோது சுருள்கள் சாம்பலாயின. களிமண்ணோ சூளையில் வெந்த ஓடு போல இறுகிக் காலத்தைக் கடந்துவிட்டது. அவற்றில் ஒன்றில் இருக்கும் பெயர் 'இல்க்கியாவின் குமாரன் அசரியா'. ஒன்று நாளாகமம் 6ஐத் திறந்து சாதோக்கின் வம்சவரிசையைப் பாருங்கள், 13ஆம் வசனத்தில் இல்க்கியா அசரியாவைப் பெற்றான் என்றிருக்கும். பெயரும் தகப்பன் பெயரும் காலமும் பொருந்துகின்றன. அன்று ராஜாவை விட்டு விலகாத ஆசாரியனின் வழிவந்தவர்கள் ஏறக்குறைய நானூறு வருஷம் கழித்தும் அந்த வேலையில் இருந்தார்கள் என்பதற்குக் கையடக்கமான சாட்சி. அபியத்தாரோ ஆனதோத்துக்குத் துரத்தப்பட்டான்.

இனி இறக்கம். தரைக்கடியில் படிகள் தொடங்கும். படிகள் ஏராளம், ஈரமான இடங்களில் வழுக்கும். கைப்பிடியை விடாதீர்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இறக்கம்தான் ஏற்றத்தைவிடக் கஷ்டம், ஆகவே பெரியவர்களை நிதானமாக முன்னால் விட்டு மற்றவர்கள் பின்னால் போவது நல்லது.

பாதி வழியில் கம்பி போட்ட ஒரு குழி வரும். 1867இல் சார்லஸ் வாரன் கண்டுபிடித்ததால் வாரன் குழி என்று பெயர். ஏறக்குறைய 13 மீட்டர் செங்குத்து ஆழம். தமிழ்க் குழுக்களில் இங்கே ஒருவர் கட்டாயம் இரண்டாம் சாமுவேல் 5:8ஐ வாசிப்பார்: சாலகத்தின் (நீர்வழியின்) வழியாய் ஏறி, அன்று ஊரை வைத்திருந்த எபூசியரை முறியடிப்பவன் தலைவனாவான் என்று தாவீது சொன்ன இடம். ஒன்று நாளாகமம் 11:6இன்படி முந்தி ஏறினவன் யோவாப், அன்றே சேனாபதியானான். 'அந்தச் சாலகம் இதுதான்' என்று நீண்டகாலம் சொல்லப்பட்டது. ஆனால் 1990களின் நடுவில் ரோனி ரைக்கும் எலி ஷுக்ரோனும் ஊற்றைச் சுற்றித் தோண்டியபோது கதை மாறியது. இந்தக் குழி சுண்ணாம்புப் பாறையில் இயற்கையாக உண்டான பிளவு. கானானியர் வெட்டிய பழைய சுரங்கத்தின் தரை இதைவிட உயரத்தில் இருந்தது; தரையைப் பிற்காலத்தில் தாழ்த்தியபோதுதான் குழியின் வாய் தற்செயலாகத் திறந்தது. அவர்கள் தண்ணீர் எடுத்தது பக்கத்தில் கோட்டைச் சுவர் காத்த பாறைக் குளத்திலிருந்து. ஆக, யோவாப் இந்தக் குழி வழியே ஏறினான் என்று சொல்வது இன்று நிற்காது. ஊற்றோடு சேர்ந்த ஏதோ ஒரு நீர்வழி என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

கீழே இறங்கினால் அந்தக் குளமும் ஊற்றைக் காத்த கோபுரத்தின் அடித்தளமும் வரும். மனிதனைவிடப் பெரிய பாறைகள், செதுக்காமல் அப்படியே அடுக்கியவை. கிமு 18ஆம் நூற்றாண்டு என்பதே வழக்கமான விளக்கம். கோபுரத்தின் ஒரு பகுதிக்கு அடியிலிருந்த மண்ணைக் கரிமக் காலக்கணிப்பு செய்து 2017இல் வெளியிட்டவர்கள் கிமு 9ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். பலகையில் ஒரு தேதியும் ஆராய்ச்சியில் வேறு தேதியும் இருப்பது இந்த இடத்தின் இயல்பு, குழம்ப வேண்டாம்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும்: தண்ணீர்ச் சுரங்கமா, உலர்ந்த சுரங்கமா?

தண்ணீர்ச் சுரங்கம் யூதாவின் ராஜா எசேக்கியா வெட்டுவித்தது. 533 மீட்டர் நீளம். நேர்க்கோட்டில் பார்த்தால் இரு முனைக்கும் இடையே சுமார் 320 மீட்டர்தான், பாம்பு போல வளைந்து போகிறது. இரு முனைக்கும் உள்ள தரைமட்ட வித்தியாசம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் மட்டுமே. பம்பு இல்லை, மதகு இல்லை, அந்த ஒரு முழத்துக்கும் குறைவான சாய்வில் தண்ணீர் இன்றும் ஓடுகிறது. நுழைந்ததும் தண்ணீர் தொடை வரை வரலாம், பிறகு முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் குறையும். அகலம் இரண்டு அடியைச் சுற்றி. சில இடங்களில் கூரை தாழ்வாக இருப்பதால் உயரமானவர்கள் குனிந்தே நடக்க வேண்டும். சுரங்கம் முடியும் சீலோவாம் குளத்தின் பக்கம் நெருங்க நெருங்கக் கூரை உயர்ந்துகொண்டே போகும். உள்ளே விளக்கு கிடையாது. நடக்க முப்பதிலிருந்து நாற்பத்தைந்து நிமிடம்.

நடுவழியில் சுவரை விரலால் தடவிப் பாருங்கள். உளித் தழும்புகள் ஒரே பக்கம் சாய்ந்து வந்துகொண்டே இருக்கும், ஓரிடத்தில் சட்டென்று எதிர்ப்பக்கம் திரும்பும். வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வெட்டிவந்த இரண்டு கூட்டமும் சந்தித்த இடம் அது. 1880இல் தெற்கு முனையருகே கண்டெடுத்த ஆறு வரிக் கல்வெட்டு இதைச் சொல்கிறது: மூன்று முழம் பாக்கியிருக்கும்போது ஒருவன் மற்றவனைக் கூப்பிடும் குரல் பாறைக்குள் கேட்டதாம். கல்வெட்டு இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அற்புதமான நடை, சந்தேகமில்லை. ஆனால் தாவீதின் ஆட்களுக்கும் இந்தச் சுரங்கத்துக்கும் சம்பந்தமில்லை. தாவீதுக்கும் எசேக்கியாவுக்கும் இடையே மூன்று நூற்றாண்டு. 'பெனாயா நடந்த தண்ணீர்' என்று யாராவது உருகிச் சொன்னால் அன்போடு திருத்துங்கள். தாவீதின் கதைக்காக வருபவர்களுக்கு உலர்ந்த சுரங்கமே பொருத்தம். அது கானானியர் காலத்து வாய்க்கால். தாவீது ஊரைப் பிடித்தபோதே அது பழையது. ஒரு கால் மணி நேரத்தில் முடியும், கால் நனையாது, வெளிச்சம் உண்டு. இடம் மட்டும் நெருக்கம். பருமனான உடம்புக்காரர்கள் பக்கவாட்டில் திரும்பி நடக்க வேண்டியிருக்கும். மூடிய இடத்தில் மூச்சு முட்டுகிறவர்கள் இரண்டையும் தவிர்த்து மேலேயே நின்றுவிடலாம், அதில் பெரிய இழப்பில்லை.

தண்ணீர்ச் சுரங்கத்தில் போகத்தான் வேண்டும் என்றால் கோளாறு எங்கே வரும் என்று சொல்லிவிடுகிறேன். புடவையும் வேட்டியும் ஈரத்தில் காலைச் சுற்றிக்கொள்ளும். முழங்காலுக்கு மேல் மடிக்கக்கூடிய உடை, மாற்றுத் துணி ஒன்று. வெறுங்காலோடு போனால் பாறை கிழிக்கும், ரப்பர் செருப்பு தண்ணீரில் கழன்றுபோகும். பின்பட்டை உள்ள செருப்புதான் சரி. கைபேசி வெளிச்சத்தை நம்பிப் போகிறவர்கள் பாதியில் அதைத் தண்ணீரில் போடுகிறார்கள். நெற்றியில் கட்டும் டார்ச் இருந்தால் இரண்டு கையும் சுவரைப் பிடிக்கும். ஒற்றை வரிசை, யாரும் யாரையும் தாண்ட முடியாது, பாதியில் திரும்பவும் முடியாது. ஆகவே தைரியமான ஒருவர் முன்னால், இன்னொருவர் கடைசியில், பயப்படுகிறவர் இவர்களில் யாருக்காவது அடுத்தபடியாக. பலத்த மழைக்குப் பின் நீர்மட்டம் ஏறும், அன்று காலை விசாரித்துவிட்டே கிளம்புங்கள். தோல் அட்டை போட்ட வேதாகமத்தை உள்ளே கொண்டுபோகாதீர்கள்.

இனி, எதற்காக வந்தோமோ அந்த இடத்துக்கு வருகிறேன். கீகோன் ஊற்றருகே நின்று முதல் அதிகாரத்தை 32ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். தாவீது மூன்று பேரைக் கூப்பிடுகிறார். சாலொமோனை என் சொந்தக் கோவேறு கழுதையில் ஏற்றிக் கீகோனுக்குக் கொண்டுபோங்கள், சாதோக்கும் நாத்தானும் அபிஷேகம் பண்ணட்டும், எக்காளம் ஊதுங்கள், பிறகு அவன் பின்னே ஏறிவாருங்கள். போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். இப்போதுதான் அந்தச் சரிவில் இறங்கிவந்த உங்கள் கெண்டைக்காலுக்கு அதன் அர்த்தம் தெரியும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. நாத்தான் செய்தியைக் கொண்டுவந்தார், ராஜாவின் வாயிலிருந்து ஆணையை வரவழைத்தார். சாதோக் கூடாரத்திலிருந்து தைலக்கொம்பை எடுத்துவந்தார். வீட்டு எண்ணெய் அல்ல, கர்த்தருடைய கூடாரத்துத் தைலம். பெனாயா கிரேத்தியரையும் பிலேத்தியரையும் கூட்டிவந்தான்: சம்பளத்துக்குச் சேர்ந்த அந்நிய மெய்க்காவலர்கள், ஊருக்குள் எந்தக் கோத்திரப் பக்கமும் சாயாதவர்கள். ஜனங்கள் முதுகில் குத்தினாலும் ராஜாவைக் காக்கக்கூடிய ஒரே படை. ஆணையைக் கேட்டதும் பெனாயா சொன்ன முதல் வார்த்தை 'ஆமென்'. ஆலயத்தில் ஆயிரம் முறை சொல்லிப் பழகிப்போன சொல். சேனாபதியே எதிரணியில் விருந்துண்ணும் நேரத்தில் ஒரு போர்வீரன் வாயில் அது என்ன கனம் கனக்கிறது பாருங்கள். பனி பெய்த நாளில் கெபிக்குள் இறங்கிச் சிங்கத்தைக் கொன்றவன், ஐந்து முழ உயர எகிப்தியனிடமிருந்து ஈட்டியைப் பறித்து அதனாலேயே அவனைக் கொன்றவன் இவன். ஒன்று நாளாகமம் 27:5 இவனை ஆசாரியக் குடும்பத்தோடு சேர்த்துச் சொல்கிறது. வாளும் பலிபீடமும் ஒரே வீட்டில்.

ஏன் கீகோன்? விருந்து நடந்த இன்ரோகேல் இதே பள்ளத்தாக்கில், தெற்கே, கெதரோனும் இன்னோமும் கூடுமிடத்தில் இருக்கிறது. இன்று யோபுவின் கிணறு எனப்படும் பீர் அய்யூபைத்தான் பெரும்பாலோர் அந்த இடமாகக் கருதுகிறார்கள். ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தூரம். பள்ளத்தாக்கு வளைவதால் கண்ணுக்குத் தெரியாது. சத்தம் மட்டும் இரண்டு பக்கச் சரிவிலும் மோதி நேராகப் போய்ச் சேரும். பந்தியில் எல்லோரும் கேட்டார்கள். ஆனால் எக்காளத்தை எக்காளமென்று பிரித்து அறிந்து, நகரத்தில் ஏன் இந்த அமளி என்று கேட்டவன் யோவாப். பழைய சேனாபதியின் காது. வாலிபத்தில் இந்த ஊற்றுப் பக்கத்திலிருந்து ஏறித் தலைவனானவன், கிழவனாகி அதே ஊற்றிலிருந்து எழுந்த சத்தத்தில் பதவியை இழந்தான்.

இந்த விசுவாசத்தின் மறுபக்கத்தையும் மறைக்காமல் குழுவுக்கு வாசியுங்கள். இரண்டாம் அதிகாரத்தில் பலிபீடத்தின் கொம்பைப் பிடித்துக்கொண்டிருந்த யோவாபைக் கொல்ல அனுப்பப்பட்டவன் பெனாயாதான். முதல்முறை கை ஓங்கவில்லை. வெளியே வா என்றான், யோவாப் மறுத்தான், பெனாயா திரும்பிப்போய் ராஜாவிடம் கேட்டான். இரண்டாம் முறைதான் வெட்டினான். அந்தத் தயக்கத்தை வேதம் எழுதிவைத்திருக்கிறது.

சேவையைப் பற்றி: ஆங்கிலத்திலும் எபிரெயத்திலும் வழிகாட்டிச் சுற்று கிடைக்கும், தமிழில் இல்லை. நம் ஆட்களுக்கு மேலே சொன்ன வரிசையில் தாங்களே வாசித்துக்கொண்டு போவதே அதிகப் பலன். மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். காலையில் திறந்ததும் நுழைந்துவிட்டால் சுரங்க வாசலில் நெரிசல் இருக்காது. வெள்ளிக்கிழமை சீக்கிரம் மூடுவார்கள், சனிக்கிழமை திறப்பதில்லை. பாதுகாப்பு நிலைமை மாறிக்கொண்டே இருப்பதால் பயணத் தேதிக்கு முன் இந்தியத் தூதரக அறிவிப்பைப் பாருங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பூங்கா இருப்பது கிழக்கு எருசலேமின் சில்வான் பகுதியில், பாலஸ்தீனக் குடும்பங்கள் வாழும் தெருக்களின் நடுவே. நடத்துவது எலாத் என்ற யூதக் குடியேற்ற அமைப்பு. இந்த ஏற்பாட்டையும், யூத வரலாற்றுக்கு மட்டும் முன்னிடம் தருவதையும் இஸ்ரேலியத் தொல்லியலாளர்களிலேயே பலர் கண்டிக்கிறார்கள். காலுக்கடியில் சுரங்கம், தலைக்குமேல் ஒருவருடைய அடுப்படி. கீழே சத்தம் போட்டுப் பாடுவதும், மேலே வீட்டு வாசல்களைப் படமெடுப்பதும் வேண்டாம்.

வெளியேறும் வழி நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. உலர்ந்த சுரங்கம் கெதரோன் சரிவில் கொண்டுவிடும். அங்கிருந்து மேலே ஏறிவிடலாம், அல்லது தெருவோடு கீழே சீலோவாம் குளத்துக்கு நடக்கலாம். தண்ணீர்ச் சுரங்கம் நேரே சீலோவாமில் முடியும். 2004இல் வெளிப்பட்ட அகலப் படிகளில் உட்கார்ந்து காலைத் துடைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வாசலுக்குத் திரும்ப நல்ல ஏற்றம். வேன் ஓடுகிறதா என்று கேளுங்கள், பெரியவர்களை அதில் அனுப்பிவிடுங்கள். ஏறத் தொடங்குமுன் தெற்கே திரும்பி நில்லுங்கள். சில நூறு மீட்டரில் இன்ரோகேல். அபியத்தாரின் மகன் யோனத்தான் மூச்சிரைக்க வந்து செய்தி சொன்னதும், விருந்தாளிகள் பயந்து எழுந்து அவரவர் வழியே போனது அங்கேதான். 41இலிருந்து 49 வரை அந்த இடத்தில் நின்று ஒருவர் உரக்க வாசிக்கட்டும்.